முறைப்பாடாக மாறாமல் பேச ஓர் இடம்: பல்கலைக்கழகம் செல்லும் நமது பிள்ளைகளின் பாதுகாப்பு

2025 ஏப்ரல் இறுதியில் சப்ரகமுவ பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீட மாணவர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதையே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. மாணவர்கள் சிலர் கைதானார்கள். சில வாரங்களுக்கு எல்லாப் பத்திரிகைகளிலும் பகிடிவதைக்கு எதிரான கட்டுரைகள் வந்தன. பிறகு வேறு செய்திகள் வந்தன.

இந்த ஒழுங்கு புதியதல்ல. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பொறியியல் மாணவர் ஒருவர், பகிடிவதையில் கட்டாயப்படுத்தப்பட்ட உடற்பயிற்சிகளால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அந்த மரணம் கிளப்பிய கொந்தளிப்பின் தொடர்ச்சியாகவே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்பும், 2002இல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பகிடிவதையை எதிர்த்த மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். 2020 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தில் படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட டயர் ஒன்று மோதி முதலாம் வருட மாணவர் ஒருவர் தலையில் படுகாயமடைந்தார்.

சட்டம் பலவீனமானது என்று சொல்ல முடியாது. பகிடிவதைக்கு 2 ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நிகழ்ந்தால் 10 ஆண்டுகள் வரை. உடற்காயம் மட்டுமன்றி, உளக்காயமும் மனவேதனையும் அச்சமும்கூட அதன் வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன. அப்படியிருந்தும் ஏன் இது தொடர்கிறது? வழமையான பதில், சட்டம் நடைமுறைப்படுத்தப்படுவதில்லை என்பது. உண்மைதான். ஆனால் அந்தப் பதில் நம்மை அரைவழியில் விட்டுவிடுகிறது. முறைப்பாடு வந்தால்தான் சட்டம் அசையும். பாதிக்கப்பட்ட பிள்ளை ஏன் முறைப்பாடு செய்வதில்லை என்பதே முதலில் கேட்கப்படவேண்டிய கேள்வி.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யுனிசெப் உதவியுடன் அரச பல்கலைக்கழகங்களில் நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. அதில் பங்கேற்ற மாணவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் சொல்லால் துன்புறுத்தப்பட்டதாகவும், மூன்றில் ஒரு பங்கினர் உளரீதியாகவும், நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் உடல்ரீதியாகவும் பாதிக்கப்பட்டதாகவும் கூறியிருந்தனர். பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகச் சொன்னவர்களும் சிறு தொகையினர் அல்லர்.

இந்த அளவுக்குப் பாதிப்பு இருக்க, விசாரணை வரை வருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இடைவெளியில் இருப்பது மௌனம்.

பல்கலைக்கழகம் ஒன்றில் சில ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்துகொண்டே மாணவ ஆலோசகர் பொறுப்பையும் வகித்தவன் நான். அந்தக் காலத்தில் என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் முதல் வார்த்தையாகச் சொன்னது ஒன்றுதான்: “சேர், இதை ஒருதருக்கும் சொல்லக் கூடாது.” அவர்கள் முறைப்பாடு செய்ய வரவில்லை, பேசத்தான் வந்தார்கள். ஆனால் எங்கள் அமைப்பில் பேச்சுக்கும் முறைப்பாட்டுக்கும் இடையில் இடம் இல்லை. பேசினால் அது அறிக்கையாகும். அறிக்கையானால் பெயர் கேட்கப்படும். பெயர் சொன்னால் அன்று மாலையே விடுதிக்குத் தெரிந்துவிடும்.

“அப்பா என்ன செய்கிறார்?”

வடக்கு கிழக்கில் இந்த மௌனத்துக்கு இன்னொரு அடுக்கு உண்டு.

இன்று பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் இருக்கும் பிள்ளைகள் 2009 மே மாதத்தில் நான்கைந்து வயதுக் குழந்தைகள். அவர்களில் வன்னியிலிருந்து வந்தவர்கள் பதுங்குகுழியையும் பிறகு மெனிக் பாமையும் தங்கள் முதல் நினைவுகளாகக் கொண்டவர்கள். முள்ளிவாய்க்காலில் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் உயர்தரம் முடித்து வரப்போகிறார்கள். நினைவே இல்லாத வயதில் நடந்ததுதானே என்று சிலர் நினைக்கலாம். நினைவு பிள்ளையிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையை வளர்த்த தாயிடமும் அந்த வீட்டின் பேச்சிலும் மௌனத்திலும் அது இருந்தது. யாழ். பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்தது இதைத்தான்: யுத்தத்தின் காயம் தனி மனிதருக்குள் மட்டும் இல்லை. குடும்பத்திலும் சமூகத்திலும், ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கத்திலும் அது இருக்கிறது. கூட்டு மனவடு என்று அவர் அழைப்பது அதனை.

இப்போது பகிடிவதையின் மிகச் சாதாரணமான, “வெறும் பகிடி” என்று சொல்லப்படுகிற பகுதியை எடுத்துக்கொள்வோம். புதிய மாணவர் சிரேஷ்டர்கள் முன் நின்று தன்னை அறிமுகப்படுத்த வேண்டும். பெயர், பாடசாலை, ஊர், இசட் புள்ளி. பிறகு, அப்பா என்ன செய்கிறார்? அப்பா காணாமலாக்கப்பட்ட ஒரு பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்வது? “இல்லை” என்று சொன்னால் அது தாய் பல ஆண்டுகளாக வீதியில் இருந்து மறுத்துவருகிற ஒரு மரணத்தைத் தன் வாயால் ஒப்புக்கொள்வதாகிறது. “இருக்கிறார்” என்றால் அடுத்த கேள்வி வரும். இந்த ஒரு கேள்விக்காக அறிமுக நாட்களில் வகுப்புக்கே வராமல் இருந்த மாணவி ஒருவரை நான் அறிவேன். அவரை யாரும் அடிக்கவில்லை, யாரும் கெட்ட வார்த்தை பேசவும் இல்லை. எந்த விசாரணைக் குழுவின் முன்னாலும் அது ஒரு குற்றமாக நிற்காது. ஆனால் அவர் முதலாம் வருடத்தின் பாதியை இழந்தார்.

வரிசையாக முழங்காலில் இருத்துவது, தலைகுனிந்து நிற்கச் சொல்வது, கைப்பேசியை வாங்கிப் பார்ப்பது, இரவில் அறைக் கதவைத் தட்டுவது. இவை வேறு ஊர்களில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளப்படலாம். சோதனைச்சாவடிகளுக்கும் சுற்றிவளைப்புகளுக்கும் நடுவே வாழ்ந்த சமூகத்தில் இவற்றுக்கு வேறு பொருள் உண்டு. செய்பவர்களுக்கும் அது தெரியும். அவர்களும் அதே ஊர்களில் இருந்து வந்தவர்கள்தான்.

பொலிஸுக்குப் போ என்றால்

பகிடிவதை ஒரு குற்றம், பொலிஸில் முறையிடுங்கள் என்று கொழும்பிலிருந்து சொல்வது எளிது. 2012இல் மாவீரர் நாளை அடுத்து யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் கைது செய்யப்பட்டு, நால்வர் வெலிக்கந்தைக்கு ‘புனர்வாழ்வு’க்கு அனுப்பப்பட்டார்கள். 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் இரு மாணவர்கள் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 2019 மே மாதத்தில் வளாகத்துக்குள் நடந்த தேடுதலின்போது மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் கைதானார்கள். இந்த வரலாறு உள்ள இடத்தில், சக மாணவனைப் பொலிஸில் ஒப்படைப்பது என்பது ஒரு சட்ட நடவடிக்கையாக மட்டும் பார்க்கப்படுவதில்லை, காட்டிக்கொடுப்பாகப் பார்க்கப்படுகிறது. துன்புறுத்துபவர்களுக்கு இதைவிட நல்ல கவசம் கிடையாது.

இதே கவசத்தின் இன்னொரு பக்கம் ‘ஒற்றுமை’. பகிடிவதை இல்லாவிட்டால் மாணவர்களிடையே பிணைப்பு வராது, போராட்டங்களில் ஒன்றுபட மாட்டார்கள் என்ற வாதத்தை நமது மாணவர் ஒன்றியங்களில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். 2001 ஜனவரியில் பல்கலைக்கழக வளாகத்தில் பொங்கு தமிழுக்குத் திரண்டவர்களோ, 2021 ஜனவரியில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்ட இரவில் வாயிலில் கூடியவர்களோ, யாரோ முழங்காலில் இருத்தியதால் வரவில்லை. அவர்களை ஒன்றுசேர்த்தது பொதுவான இழப்பு. கௌரவத்துக்காகப் போராடும் சமூகம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டு, அதே சமூகத்தின் கடைசிப் பிள்ளையிடமிருந்து கௌரவத்தைப் பறிப்பதை எந்த ஒற்றுமையும் நியாயப்படுத்தாது.

இப்போதுள்ள ஏற்பாடு ஏன் போதாது

நமது அரச பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் என்பவர் பெரும்பாலும் ஒரு விரிவுரையாளர். மேலதிகப் பொறுப்பாக இதைச் செய்கிறார். நல்ல மனம் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அமைப்பிலேயே மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, பாத்திரங்கள் மோதுகின்றன. காலையில் பரீட்சைத் தாள் திருத்துபவர், மத்தியானம் ஒழுக்காற்று விசாரணையில் இருப்பவர், மாலையில் மனம்விட்டுப் பேசு என்கிறார். பிள்ளை எப்படிப் பேசும்? அதிலும் பாதிப்பு எப்போதும் சிரேஷ்ட மாணவரிடமிருந்து மட்டும் வருவதில்லை. புள்ளி வழங்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவரே துன்புறுத்தினால், அவருடைய சக ஊழியரிடம் போய்ச் சொல்ல ஒரு மாணவி பலமுறை யோசிப்பார்.

இரண்டாவது, பயிற்சி. உளவளத்துணை என்பது அறிவுரை சொல்வதல்ல. “எல்லாம் சரியாகிவிடும், படிப்பைப் பார்” என்பது அக்கறையான வார்த்தைதான், ஆனால் இரவில் தூக்கம் வராத பிள்ளைக்கு அது உதவாது. எப்போது கேட்டுக்கொண்டிருப்பது, எப்போது தெல்லிப்பழை போன்ற வைத்தியசாலைகளின் உளமருத்துவப் பிரிவுக்கு அனுப்புவது என்பதைக் கற்றுத்தான் அறியவேண்டும்.

மூன்றாவது, தூரமும் மொழியும். திருநெல்வேலியில் அலுவலகம் இருந்தால் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பிள்ளைக்கு அது இருந்தும் இல்லாததுதான். தெற்கிலுள்ள பல்கலைக்கழகங்களுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் துயரத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அதேபோல யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் வரும் சிங்கள மாணவர்களுக்கும் அவர்கள் மொழியில் பேச ஒருவர் வேண்டும். துயரம் தாய்மொழியில்தான் வெளிவரும். இது எல்லோருக்கும் பொது.

இத்துடன் பணம் என்ற விடயமும் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. வரவேற்கவேண்டியது. ஆனால் விடுதி கிடைக்காத பிள்ளை வாடகை அறைக்கும் சாப்பாட்டுக்கும் செலவிட அது போதாது. சாப்பாட்டுக்குச் சிரேஷ்டரின் தயவில் இருப்பவர் அவரைப் பற்றி முறையிடமாட்டார். பாதுகாப்பற்ற நிலைமையின் ஒரு வேர் வறுமையில் இருக்கிறது.

செய்யக்கூடியவை

பேச்சையும் விசாரணையையும் பிரிக்கவேண்டும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்காத, பரீட்சையோடும் ஒழுக்காற்றோடும் தொடர்பில்லாத, முழுநேரப் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்கள் ஒவ்வொரு வளாகத்திலும் இருக்கவேண்டும். அங்கு பேசுவது, உயிராபத்து இருந்தாலன்றி, பிள்ளையின் அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. முறைப்பாடு செய்வதா இல்லையா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கவேண்டும். இப்படி ஓர் இடம் இருந்தால் முறைப்பாடுகள் குறையும் என்று அஞ்சவேண்டியதில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்குத்தான் பிறகு முறையிடத் துணிவு வரும்.

முறைப்பாடு வந்த பின் விசாரணைக் குழுவில் வளாகத்துக்கு வெளியிலிருந்தும் ஒருவர் இருக்கவேண்டும். ஆசிரியர் மீதான முறைப்பாடுகளில் இது கட்டாயம். விசாரணை முடியும் வரை இடம் மாறவேண்டியவர் பாதிக்கப்பட்டவர் அல்லர். முறையிட்ட பிள்ளை விடுதியை விட்டு வெளியேற, முறையிடப்பட்டவர் அங்கேயே இருக்கும் வழக்கம் நிறுத்தப்படவேண்டும்.

மாணவர் ஒன்றியங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம், அறிமுக நாட்களைத் தாமே பொறுப்பெடுத்து, குடும்பத்தைப் பற்றிய கேள்விகள் இல்லாத வரவேற்பாக மாற்றுவது. இதற்குச் சுற்றறிக்கையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளை வீட்டின் முழு நம்பிக்கையையும் சுமந்துகொண்டு போகிறது. அம்மா தோட்ட வேலை செய்து, நகையை அடகு வைத்துப் படிப்பித்தார் என்பது பிள்ளைக்குத் தெரியும். அதனால்தான் பிள்ளை வீட்டுக்கு எதையும் சொல்வதில்லை. தொலைபேசியில் “படிப்பு எப்படி?” என்று மட்டும் கேட்காமல், “யாரோடு சாப்பிடுகிறாய், நித்திரை கொள்கிறாயா?” என்றும் கேளுங்கள். பிள்ளை திடீரென்று ஊருக்கு வந்து திரும்பிப்போக மறுத்தால், சோம்பல் என்று எண்ணாமல் ஒரு நாள் பொறுத்திருந்து கேளுங்கள். ஒரு வருடம் பிந்தினாலும் பட்டம் பட்டம்தான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசரத்தில் பேச தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் உண்டு. 1333 என்ற இலக்கத்திலும் உளவளத்துணை பெறலாம்.

யுத்தம் முடிந்த பின் நமக்கு மிஞ்சியவற்றில் கல்வியே பெரியது என்று எப்போதும் சொல்கிறோம். பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயில் வரை கொண்டுவர எல்லாம் செய்கிறோம். வாயிலுக்கு உள்ளே அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்பதும் அதே கடமையின் பகுதி. முள்ளிவாய்க்காலில் தாய்மாரின் கைகளில் இருந்த குழந்தைகள் அந்த வாயிலுக்கு வர இன்னும் அதிக காலம் இல்லை. அவர்கள் வருவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது.