வாலிநோக்கம் மண்ணைச் சோதியுங்கள்

இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் கடற்கரையில் முன்பு பழைய கப்பல்களை உடைத்தார்கள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளும் கடற்புல் வெளிகளும் அருகிலேயே இருக்க, இப்படியொரு தொழிலுக்கு அங்கே இடம் கொடுத்தது பெரும் தவறு. உடைப்பதற்கு முன் கப்பலின் நச்சுப் பொருட்களை அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2003 அக்டோபரில்தான். பழைய கப்பல்களின் வண்ணப்பூச்சில் ஈயமும் குரோமியமும் காட்மியமும் இருக்கும்; அடிப்புறத்தில் சிப்பி ஒட்டாதிருக்கத் தாமிரக் கலவை பூசுவார்கள். தகடு வெட்டும்போது உதிர்பவை இவை. எண்ணெய்க் கசிவு நாளடைவில் சிதையும், உலோகம் சிதையாது.

“அங்கேதான் பச்சை தெரிகிறதே” என்று எந்த அதிகாரியும் சொல்லிவிடக் கூடாது. இந்த மாவட்டமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் கனஉலோகத்தைத் தாங்கி, தன்னுள் சேர்த்துக்கொண்டும் வளரக்கூடிய மரம்.

அந்த மண்ணில் விதை முளைக்கிறதா என்று பார்க்கும் முளைப்புச் சோதனை மட்டும் நடத்தி முடித்துவிடுவதையும் ஏற்க முடியாது. விதைத்தோல் உலோகத்தை ஓரளவு தடுப்பதால் நஞ்சேறிய மண்ணிலும் விதை முளைத்துவிடும். முளைவேர் வெளியே வந்த பிறகுதான் அடி விழுகிறது. வேர்நுனியில் செல்கள் பிரிவது தடைப்பட்டு வேர் குட்டையாகிறது. ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். காட்மியமோ இரும்பும் துத்தநாகமும் நுழையும் வழியாகவே உள்ளே புகுந்து இலைக்கு ஏறுகிறது. பச்சையம் உருவாகும் தொடக்கப் படியில் வேலை செய்யும் நொதியை ஈயம் முடக்குகிறது. பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தின் இடத்தைத் தாமிரம் பறிக்கிறது. செல்லுக்குள் வினைமிகு ஆக்ஸிஜன் பெருகிச் சவ்வுக் கொழுப்பைச் சிதைக்கிறது. நாற்று தன்னிடமுள்ள குளூட்டாதயோன் என்ற சேர்மத்தைக் கொண்டு பைட்டோகெலட்டின் என்ற பொருளைச் செய்து காட்மியத்தைக் கட்டிப்போடுகிறது. வினைமிகு ஆக்ஸிஜனை அடக்கக் கேட்டலேஸ், பெராக்ஸிடேஸ் நொதிகளைக் கூட்டுகிறது. வளர்ச்சிக்கான சத்தெல்லாம் உயிர் காக்கவே செலவாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கொஞ்சம் மெலிந்த செடி, அவ்வளவுதான்.

வாலிநோக்கம் உப்பளம் சூழ்ந்த ஊர். உவர் மண்ணின் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அது வேருக்கு இன்னும் எளிதாகக் கிடைக்கச் செய்யும். உலோக நஞ்சைப் போலவே உப்பும் நாற்றில் புரோலின் என்ற அமினோ அமிலத்தை உயர்த்தும். ஆகவே அதே அளவு உவர்ப்புள்ள, கப்பல் உடைக்காத கரை மண்ணை அருகில் வைத்து ஒப்பிடாத சோதனை எதையும் நிரூபிக்காது.

கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டும் மண்ணைத் தூய்மைப்படுத்தும் வேலை பல ஆண்டுகள் இழுத்ததைத் தமிழ்நாடு பார்த்தது. மாசடைந்த நிலங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்ததே 2025இல்தான். இத்தனை தாமதத்தையும் கண்டிக்கிறோம். இனியும் காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கொருமுறை தெரிவிக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். அடுத்த அறிக்கையிலேயே வாலிநோக்கத்தின் பழைய உடைப்புத் தளம் இடம்பெற வேண்டும். கரை மண்ணையும் கடலடிச் சேற்றையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்துச் சோதிக்க வேண்டும். முண்டு மிளகாய், நெல் நாற்றுகளில் வேர் நீளம், பச்சையம், நொதிகள், திசுவில் சேர்ந்த உலோகம் அனைத்தையும் அளக்க வேண்டும். முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். மாசு உறுதியானால், தூய்மைப்படுத்தும் செலவைக் கப்பல் உடைத்து லாபம் பார்த்தவர்களிடமே வசூலிக்க வேண்டும்.