மீன்தொட்டியும் சிரட்டைக் கரியும்

பெருநாள் வருமுன் இல்லம் முழுவதையும் துப்புரவு செய்வது நம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், நாகர்கோவில் இடலாக்குடியிலுள்ள எங்கள் இல்லத்தில் அப்பணியை மேற்கொண்ட நான், மகளின் மீன்தொட்டியையும் விட்டுவைக்கவில்லை. வடிகட்டியிலிருந்த கரியை எறிந்து புதியது இட்டேன். பழுப்பேறி வழுவழுப்பாயிருந்த பஞ்சைக் குழாயடியில் வைத்து, வெண்மை தெரியும்வரை பிழிந்து கழுவினேன். கூழாங்கற்களையும் அவ்வாறே செய்தேன். தொட்டி நீர் பளிங்குபோல் விளங்கிற்று.

நான்காம் நாள் காலையில் இரு பொன்மீன்கள் மிதந்தன. "கழுவினதாலயா வாப்பா செத்துப் போச்சு?" என்று மகள் கேட்டாள். அன்று என்னிடம் விடையில்லை. பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்ததை, தொட்டி வைத்திருக்கும் இல்லத்தாருக்காக இங்கே எழுதுகிறேன்.

மீன்களின் கழிவிலிருந்தும், அவை உண்ணாமல் விட்ட தீனி அழுகுவதாலும் அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பஞ்சிலும் கற்களிலும் படியும் அந்தப் பழுப்புப் படலமே அவற்றின் குடியிருப்பு. நோய்க் கிருமிகளைக் கொல்லக் குழாய் நீரில் கலக்கப்படும் குளோரின் இவற்றையும் கொன்றுவிடும். ஆகவே நான் கழுவி எறிந்தது அழுக்கை மட்டுமன்று; மீன்களின் காவலரையும்தான். அவை மீண்டும் பெருகப் பல வாரங்கள் ஆகும்.

புதுக் கரி காத்திருக்கக் கூடாதா எனில், கரியின் பணி வேறு. நீரின் நிறம், நாற்றம், குளோரின், மருந்தின் மிச்சம் ஆகியவற்றைக் கரி ஈர்த்துக்கொள்ளும். அம்மோனியாவை அவ்வளவாக ஈர்க்காது. நம் வீட்டுச் சிரட்டையே இக்கரிக்குச் சிறந்த மூலப்பொருள். காங்கேயம் வட்டாரத்தில் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கும் தொழில் பரவலாக நடைபெறுகிறது. அக்கரியை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்தும்போது எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலம்! அடுப்புக் கரிக்கு இவ்வாற்றல் இல்லை.

துளைகள் நிறைந்ததும் கரி பயனற்றதாகிவிடும். வீட்டில் காய்ச்சியோ வறுத்தோ அதனைப் புதுப்பிக்க இயலாது. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். புதுக் கரியைத் தூள் நீங்க அலசிய பின்னரே இடுங்கள். மீனுக்கு மருந்திடும் நாள்களில் கரியை வெளியே எடுத்துவிடுங்கள். இல்லையேல் மருந்தைக் கரியே உறிஞ்சிவிடும்.

பஞ்சையோ, தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் ஊற்றி, அதில் மெல்லப் பிழிந்தால் போதும். கரியையும் பஞ்சையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுங்கள். ஊற்றும் குழாய் நீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்துகொள்ளுங்கள்.

இன்று அத்தொட்டியை என் மகளே பேணுகிறாள். பஞ்சு வெண்மையாகுமுன் கையை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருபவளும் அவளே.