தலைப்பு வேறு... கருத்து வேறு!

பள்ளியில் கட்டுரை எழுதி வரச் சொன்னால், பல வீடுகளில் பிள்ளையின் கை முதலில் போவது கைடு பக்கம்தான். முன்னுரை, நாலைந்து துணைத் தலைப்புகள், முடிவுரை... எல்லாம் அதிலேயே தயாராக இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. பிறகென்ன குறை?

குறை பின்னால்தான் தெரியும். சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கென்றே ஒரு தாள் உண்டு. 3 மணி நேரத்தில் 2 கட்டுரைகள், 250 மதிப்பெண்கள். தமிழிலும் எழுதலாம். எந்தக் கைடிலும் இல்லாத ஒற்றை வரி ஒன்று அங்கே தலைப்பாக வந்து நிற்கும். மனப்பாடத்தை மட்டுமே நம்பி வளர்ந்த பிள்ளை அந்த இடத்தில் திகைத்துப்போகும். தகவல் தெரியாததால் அல்ல. 'இதைப் பற்றி நான் என்ன சொல்லப்போகிறேன்?' என்று கேட்டுப் பழகாததால்.

அந்தக் கேள்விக்கான ஒரு வரி பதிலைத்தான் ஆங்கில வகுப்பில் 'தீஸிஸ் ஸ்டேட்மென்ட்' என்கிறார்கள். தமிழில் மையக் கருத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

மையக் கருத்து எப்படி இருக்கும்?

'மழைநீர் சேகரிப்பு' என்பது தலைப்பு. 'மழைநீர் சேகரிப்பு மிகவும் அவசியம்' என்பதும் பெரிதாக எதையும் சொல்லிவிடவில்லை. அதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க முடியாததை நிரூபிக்க 2 பக்கம் எதற்கு?

இப்படி எழுதிப் பாருங்கள்: 'சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு, மழை குறைவதைவிட, பெய்த மழையைத் தேக்கி வைக்கத் தவறுவதே பெரிய காரணம்.' இதை ஒருவர் மறுத்துப் பேசலாம். அதனாலேயே எழுதுபவருக்கு வேலை இருக்கிறது. முன்னுரையின் கடைசியில் இந்த வரியை வைத்தால், கட்டுரை எங்கே போகிறது என்பது திருத்துபவருக்கும் தெரிந்துவிடும்.

பத்திக்கு ஒரு தலைவாசல்

மையக் கருத்து முழு வீட்டுக்கு அஸ்திவாரம் என்றால், ஒவ்வொரு பத்தியின் முதன்மை வாக்கியம் அந்தந்த அறைக்கு வாசல். ஆங்கிலத்தில் இது 'டாபிக் சென்டன்ஸ்'. மேலே சொன்ன கருத்துக்கு 3 பத்திகள் எழுதுவதாக இருந்தால், அவை இப்படித் தொடங்கலாம்:

* 'வெள்ளத்தையும் வறட்சியையும் சென்னை நான்கே ஆண்டு இடைவெளியில் பார்த்தது.' 2015 டிசம்பர் வெள்ளமும், 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும் இதற்குள் வரும்.

* 'மழையைத் தாங்கிய ஏரிகளை நகரமே விழுங்கிவிட்டது.' இன்றைய தி.நகர், 1920-களில் ஓர் ஏரி இருந்த இடத்தில் எழும்பியது என்பது இங்கே சான்று.

* 'சட்டம் மட்டும் போதாது, பராமரிப்பும் வேண்டும்.' 2003-லேயே தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், மண் அடைத்துக்கொண்ட தொட்டி நீரை உறிஞ்சாது என்பதை இதில் விளக்கலாம்.

இப்போது, வள்ளுவர் 'வான்சிறப்பு' என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார் என்ற தகவலை மூன்றாவது பத்தியில் சேர்க்கலாமா? தகவல் உண்மைதான், அழகும்கூட. ஆனால், பராமரிப்பு பற்றிப் பேசும் பத்தியில் அதற்கு வேலையில்லை. எதை எழுதுவது என்பதோடு, எதை விடுவது என்பதையும் முதன்மை வாக்கியம் சொல்லிக்கொடுக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பிள்ளை எழுதி முடித்ததும், முன்னுரையின் கடைசி வரியையும் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். கட்டுரையின் சுருக்கம் காதில் விழுந்தால் சரி. 'நன்மைகள்', 'தீமைகள்' என்று வெறும் பெயர்கள் மட்டும் விழுந்தால், அவை இன்னும் தலைப்புகளாகவே இருக்கின்றன, வாக்கியமாகவில்லை என்று அர்த்தம்.

முதன்மை வாக்கியம் எப்போதும் முதல் வரியாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கதை, பயணக் கட்டுரை போன்றவற்றுக்கு இந்தச் சட்டகம் தேவைப்படாமலும் போகலாம். எழுதிக்கொண்டே போகும்போது மையக் கருத்து மாறினாலும் தவறில்லை. திரும்பிப்போய் முன்னுரையைத் திருத்திக்கொண்டால் போதும். பழகும் பிள்ளைகளுக்கு மட்டும், முதல் வரியில் வைப்பதே வசதி.

அடுத்த முறை கட்டுரை நோட்டோடு பிள்ளை வந்து உட்காரும்போது, கைடைத் தேடுவதற்கு முன்னால் 'இதுல நீ என்ன நினைக்கிறே?' என்று கேட்டுவிடுங்கள். முதல் பதில் 'தெரியலை' என்றுதான் வரும். கொஞ்சம் பொறுத்திருங்கள். இரண்டாவதாக வரும் பதிலை, அது சொன்ன வார்த்தைகளிலேயே, நோட்டின் மேல் மூலையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம்.