பால்கனி அறைக்கு முன் காப்பீடு

சொகுசுக் கப்பல் பயணம் செல்வந்தர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இன்று பெரிதும் மாறிவிட்டது. மும்பையிலிருந்து கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும், சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் செல்லும் கப்பல்களில் ஓய்வூதியர்களையும் மாதச் சம்பளக்காரர்களையும் பெருமளவில் காண முடிகிறது. பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, கடந்த பதினெட்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒருமுறையேனும் கப்பலேறி வருபவன் என்ற முறையில் எனக்கு இது மகிழ்ச்சி அளிக்கிறது. ஆயினும், இப்பயணங்களுக்காக நம்மவர்கள் பணம் செலவிடும் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கட்டணத்தில் தள்ளுபடி பெறவும் பால்கனி உள்ள அறையைப் பிடிக்கவும் வாரக்கணக்கில் முயல்பவர்கள், காப்பீடு, விசா, ஒருநாள் முன்னதாகத் துறைமுக நகரைச் சென்றடைதல் ஆகிய மூன்றையும் கடைசியில் மிஞ்சும் பணத்துக்கு விட்டுவிடுகிறார்கள். இம்மூன்றும் முதலில் வர வேண்டியவை. அறையின் வசதியை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குக் காரணம் எளிது. தரைவழிப் பயணத்தில் ஏதேனும் பிசகினால் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம், அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லலாம், உறவினரை அழைக்கலாம். நடுக்கடலில் இவற்றுள் எதுவும் உடனே கைக்கு எட்டாது.

விளம்பர விலையும் முழுச் செலவும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகை, பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான கட்டணமாகும். தனியாகச் செல்பவர் சில வேளைகளில் இருவருக்கான கட்டணத்தையும் செலுத்த நேரிடும். துறைமுக வரிகள் தனி. பெரிய பன்னாட்டுக் கப்பல்கள் பலவற்றில், ஊழியர்களுக்கான டிப்ஸ் தொகையாக ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் சேர்க்கப்படுகிறது. நால்வர் அடங்கிய குடும்பம் ஏழு இரவுகள் சென்றால், இது மட்டுமே 450 முதல் 560 டாலர் வரை ஆகும். இணைய வசதி, குளிர்பானங்கள், கரைச் சுற்றுலா ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் தனிக்கட்டணமே. விமானச் செலவையும் சேர்த்தால், முழுச் செலவு டிக்கெட் விலையைப் போல் இருமடங்காவது அரிதன்று. எனவே, டிக்கெட் விலையை வைத்துப் பயணத்தை முடிவு செய்யாமல், முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பின்னரே முன்பதிவு செய்ய வேண்டும்.

ரத்து விதிகளையும் அப்போதே படித்துவிட வேண்டும். பல நிறுவனங்கள், பாக்கித் தொகையைப் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன்பே கேட்கின்றன. அதன்பின் ரத்து செய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் முழுத் தொகையும் போய்விடும். ஆகவே, விசா கைக்கு வரும் நாளும் பாக்கித் தொகை செலுத்தும் நாளும் எவ்வாறு அமைகின்றன என்பதை முதலிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காப்பீடு

இந்தியாவில் நாம் எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடுகளுள் பெரும்பாலானவை, நாட்டுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்துபவை. கப்பலில் மருத்துவரும் செவிலியரும் உண்டு. ஆனால் அது மருத்துவமனை ஆகாது. அங்குப் பெறும் சிகிச்சைக்கான கட்டணம் பயணியின் கணக்கில் ஏறும். இறங்குமுன் அதைச் செலுத்திவிட்டு, பின்னர்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் கோர வேண்டும். நிலைமை கடுமையானால், நோயாளியை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் தன் வழியே சென்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தமான் கடல் வழியே சென்ற ஒரு பயணத்தில், எங்கள் உணவு மேசையில் எழுபது வயதை நெருங்கிய ஒருவர் தம் மனைவியுடன் அமர்வது வழக்கம். ஒருநாள் இரவு அவருக்கு நெஞ்சுவலி கண்டது. மறுநாள் காலை இருவரும் மொழி தெரியாத துறைமுக நகரொன்றில் இறக்கப்பட்டார்கள். முன்பணம் கட்டினால்தான் சிகிச்சை என்று மருத்துவமனை கூறிவிட்டது. கப்பலில் அவர்கள் தங்கியிருந்தது பால்கனி உள்ள உயர்தர அறை, காப்பீடோ எடுத்திருக்கவில்லை. இந்தியாவிலிருந்த மகன் பணம் திரட்டி அனுப்ப இரண்டு நாட்களாயின. அவர் நலமடைந்து ஊர் திரும்பினார் என்று பின்னர் அறிந்தோம். ஆயினும், அந்த இரண்டு நாட்கள் அந்த அம்மையார் தனியாக எவ்வளவு தவித்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயணக் காப்பீடு வாங்கும்போது நான்கைக் கேட்டறிய வேண்டும். கப்பல் பயணத்துக்கு அது பொருந்துமா? ஹெலிகாப்டர் அல்லது விமானம் மூலம் நோயாளியை அழைத்துச் செல்லும் செலவை ஏற்குமா? ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பயன் உண்டா? கப்பலைத் தவறவிட்டாலோ, பயணம் பாதியில் நின்றாலோ இழப்பீடு கிடைக்குமா? நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றை மறைத்து வாங்கும் காப்பீடு, தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது.

விசாவும் நேரமும்

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு சென்று மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்குபவர், அந்நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழைகிறார். எனவே, ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. பார்சிலோனாவிலிருந்து புறப்பட்டு, ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ள துருக்கியைத் தொட்டுத் திரும்புவதற்கும் இதே விதி பொருந்தும். அலாஸ்கா செல்ல விரும்புவோர் மேலும் விழிப்பாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் 1886ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அந்நாட்டின் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்ல வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல்களை அனுமதிப்பதில்லை. அதனால், சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் அலாஸ்கா கப்பல்களும் கனடாவின் விக்டோரியா போன்ற துறைமுகம் ஒன்றில் நின்றே திரும்புகின்றன. அமெரிக்க விசாவுடன் கனடா விசாவுக்கும் திட்டமிடாத இந்தியப் பயணி, கப்பலில் ஏறவே இயலாமல் போகலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கப்பல் யாருக்காகவும் காத்திராது. புறப்பாட்டு நாளன்று காலை விமானத்தில் சென்று இறங்குவது, முழுப் பயணத்தையும் ஒரு விமானத் தாமதத்தின் கையில் ஒப்படைப்பதாகும். ஓர் இரவு விடுதிக் கட்டணம், அதற்கெதிரான மலிவான பாதுகாப்பு. இடைத் துறைமுகங்களில் தனியாக வாடகை வண்டி அமர்த்தி ஊர் சுற்றுவதில் தவறில்லை; செலவும் குறைவு. ஆனால் கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே அமர்த்திய வண்டிக்கு அந்த உறுதி இல்லை. 2024 மார்ச்சில், ஆப்பிரிக்காவையொட்டிய சாவோ டோமே தீவில் தனிச் சுற்றுலா சென்று தாமதமாக வந்த எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுக் கப்பல் புறப்பட்டது. அதை மீண்டும் பிடிக்க அவர்கள் பல நாடுகளைக் கடந்து செனகல் வரை செல்ல நேர்ந்தது. கரையிறங்கும்போது கடவுச்சீட்டின் நகல், சிறிது பணம், அன்றாட மருந்துகள், துறைமுக முகவரின் தொலைபேசி எண் ஆகியவை கைப்பையில் இருப்பது நன்று. கப்பல் நேரமும் உள்ளூர் நேரமும் வேறுபடலாம் என்பதையும் மறக்கலாகாது.

வங்கியில் முடிக்க வேண்டியவை

புறப்படுமுன் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி செயல்பாட்டில் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கப்பலில் செலவுக் கணக்கு தொடங்கும்போது ஒரு தொகை கார்டில் முன்கூட்டியே நிறுத்தி வைக்கப்படும். ஃபாரெக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ கொடுத்தால், அந்தப் பணம் பயணம் முடிந்த பின்னும் சில நாட்கள் முடங்கிக் கிடக்கும். எனவே, கப்பல் கணக்குக்குக் கிரெடிட் கார்டும், கரையில் செலவிட ஃபாரெக்ஸ் கார்டும் என்பது என் வழக்கம். கடைகளில் ரூபாயில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் மறுத்து, அந்நாட்டு நாணயத்திலேயே கட்டுவது பெரும்பாலும் இலாபம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது பிடிக்கப்படும் டி.சி.எஸ். தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கடலில் கைப்பேசியை விமான நிலையில் வைக்காவிட்டால், அது செயற்கைக்கோள் வலையமைப்பில் இணைந்து பெருந்தொகையை விழுங்கிவிடும்.

இவ்வளவு முன்னேற்பாடு செய்தால் பயணத்தின் இன்பமே போய்விடாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மும்பையிலிருந்து கோவா சென்று திரும்பும் இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்கு இவற்றுள் பல தேவையில்லை என்பது உண்மையே. முதன்முறை செல்வோருக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே. ஆனால் நீண்ட பயணத்தில், ஏற்பாடுகளைச் சரிவரச் செய்து முடித்தவரே கவலையின்றிக் கடலைப் பார்க்கிறார்.

இத்தகைய பயணத்துக்குக் கடன் வாங்குவதை நான் ஏற்பதில்லை. இரண்டு ஆண்டுகள் தொடர் வைப்பில் சேமித்தால், பல குடும்பங்களால் ஒரு நல்ல பயணத்தை மேற்கொள்ள இயலும். சேமித்த தொகையில் முதலில் காப்பீட்டுக்கும், அடுத்து விசாவுக்கும், பின்னர் அந்த ஓரிரவு விடுதிக்கும் ஒதுக்குங்கள். எஞ்சியதில் பால்கனி அறை கிடைத்தால் நல்லது. சாளரமில்லாத உள்ளறைதான் கிடைத்தாலும் குறையில்லை. கப்பலின் திறந்த மேல்தளம் எல்லா அறைக்காரர்களுக்கும் பொதுவானது. அங்கிருந்து சூரியோதயம் பார்க்கக் கட்டணம் ஏதுமில்லை.