பாவடியில் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம்

மாலையில் பாவடி ஓய்ந்ததும் நெசவாளர் தெருச் சிறுவர்கள் அங்கே கூடி விளையாடுகின்றனர். உழவர் ஊர்களில் நெற்களம் அவ்வாறே பயன்படுகிறது. ஆனால், கால் வலுவிழந்த சிறுவனும் பார்வையற்ற சிறுமியும் வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிடுகின்றனர்.

விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இவர்களுக்குச் சம உரிமை உண்டென்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. உலகக் கூட்டுறவு இயக்கமும் 1995இல் சமூக அக்கறையைத் தன் ஏழாவது கொள்கையாக ஏற்றது. அதனை நம் ஊரில் செயலாக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளமுள்ள சாய்தளம் அமைத்தால் சக்கர நாற்காலி எளிதில் ஏறும். உள்ளே மணிகள் இட்ட பந்து, ஒலியினால் பார்வையற்ற குழந்தைக்குத் திசை காட்டும்.

குழந்தை விழுந்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. பெரியவர் இருவர் உடனிருந்தால் அவ்வச்சம் தீரும். வாரம் ஒரு மாலை எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து ஆடினால், தனித்து வருந்தும் தாய்மாருக்கும் ஒருவர்க்கொருவர் துணை கிட்டும்.

சங்க நிர்வாகக் குழுவினர் இச்சிறு செலவை ஏற்று, அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுவார்களாக.