முதலில் ‘ட’ போட்டுப் பாருங்கள்

நம் பக்கத்து மரவேலைக் கடைகளில் இப்போது மேசைமேல் வைக்கிற சின்ன சி.என்.சி. எந்திரங்கள் வந்துவிட்டன. வீட்டுப் பெயர்ப்பலகை, சாமி படம், பூஜை அறைக் கதவுக்குப் பூவேலை என்று வெட்டித் தருகிறார்கள். பொழுதுபோக்காக வாங்கி மாடியில் வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. பல வருஷம் பணிமனையில் லேத்தும் மில்லிங்கும் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நான் பார்த்த மட்டில், இவற்றில் பலகை வீணாவது அளவு தப்பியதால் அல்ல, திசை தப்பியதால்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 3018 என்ற எந்திரம் இங்கே பரவலாகக் கிடைக்கிறது. 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் வேலைப்பரப்பு என்பதால் அந்தப் பெயர். அதில் பிட் சுழலும் தலை இடவலமாகவும் மேல்கீழாகவும் போகும். முன்பின் ஓட்டம் தலைக்குக் கிடையாது. பலகையைத் தாங்கும் தட்டுதான் முன்னும் பின்னும் நகரும். ஒரு தம்பி ‘ஒய் பிளஸ்’ பொத்தானை அமுக்கினான். தட்டு அவனை நோக்கி வந்தது. “பிளஸ் அமுக்கினா அந்தாலதானே போகணும், இது இந்தால வருது. வயர் மாறிக் கெடக்கு சார்” என்றான். உடனே கணினியில் $3 என்ற அமைப்பை மாற்றினான். தட்டு அவன் நினைத்தபடி ஓடியது. மறுநாள் அயினிப் பலகையில் வெட்டிய வீட்டுப்பெயரைக் கண்ணாடியில் காட்டித்தான் வாசிக்க முடிந்தது.

எந்திரம் முதலில் சரியாகத்தான் இருந்தது. எது நகர்கிறது என்று பார்த்தானே தவிர, பலகையின் மேல் பிட் எங்கே போகிறது என்று அவன் பார்க்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள அடுக்களைக்குப் போனால் போதும். கத்தியால் காய் நறுக்கினால் காய் இருக்கும், கத்தி நகரும். அரிவாள்மணையில் அரிவாள் நிற்கும், காய் நகரும். துண்டு ஒன்றுதான். மணையில் காயை முன்னால் தள்ளுகிறோம். காயின் பக்கத்திலிருந்து பார்த்தால் அரிவாள் பின்னோக்கி வருகிறது. 3018-இன் தட்டும் அரிவாள்மணை மாதிரிதான். தட்டு உங்களை நோக்கி வந்தால், பலகையின் மேல் பிட் உங்களை விட்டு விலகிப் போகிறது. அதுதான் ஒய் பிளஸ்.

இது எவரோ ஒருவர் இஷ்டத்துக்கு வைத்த வழக்கம் அல்ல. எண்களைக் கொண்டு இயக்கும் மில்லிங் எந்திரத்தை அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1952-இல் காட்டியது. பிற்பாடு பலரும் பலவிதமாக எந்திரம் செய்யவே ஒரு பொது விதி வேண்டியிருந்தது. ஐ.எஸ்.ஓ. 841 என்ற சர்வதேசத் தரம் அதைச் சொல்கிறது. வேலைப்பொருள் அசையாமல் இருப்பதாகவும், கருவியே நகர்வதாகவும் எண்ணிக்கொண்டு திசை சொல்ல வேண்டும். உண்மையில் எது நகர்ந்தாலும் சரி. இசட் என்பது பிட் சுழலும் அச்சு. அதில் பிளஸ் என்றால் பிட் பலகையை விட்டு விலகுவது. இசட் தலைகீழாக இருந்தால், பிட்டைத் தூக்கச் சொல்லும்போது அது பலகைக்குள் இறங்கி ஒடியும்.

மூன்று அச்சையும் நினைவில் வைக்க வலதுகை போதும். எந்திரத்தின் முன்னால் நின்று உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டுங்கள். கட்டைவிரல் வலப்பக்கம் காட்டும், அது எக்ஸ் பிளஸ். ஆள்காட்டி விரல் உங்களை விட்டு விலகிக் காட்டும், அது ஒய் பிளஸ். நடுவிரலை மட்டும் மேலே மடக்கினால் இசட் பிளஸ். இடதுகையை நீட்டினால் எக்ஸ் திரும்பிவிடும். கண்ணாடி எழுத்து வருவது அப்படித்தான்.

புது எந்திரம் வந்தால் என்ன செய்யலாம்? சில எந்திரங்கள் வயர் மாறியும் வருவதுண்டு. ஆகவே நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். முதலில் இசட்டைப் பிளஸில் கொஞ்சம் நகர்த்தி, தலை மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு பிட்டுக்குப் பதில் பேனாவைக் கட்டி, தட்டில் காகிதம் ஒட்டி, ‘ட’ எழுதச் சொல்லுங்கள். தட்டைப் பார்க்காதீர்கள், காகிதத்தில் விழுந்த கோட்டைப் பாருங்கள்.

ஏன் ‘ட’? அதன் நின்ற கோடு ஒய், கிடந்த கோடு எக்ஸ், இரண்டும் சேரும் மூலைதான் பூஜ்யம். ‘ப’ போட்டால் இடவலம் மாறியிருப்பது தெரியாது. வட்டம் போட்டால் எதுவுமே தெரியாது. ‘ட’ மறைக்காது. காகிதத்தைச் சுற்றி வைத்ததும் ‘ட’ சரியாகிவிட்டால் எக்ஸ், ஒய் இரண்டும் திரும்பியிருக்கின்றன. எப்படிச் சுற்றினாலும் சரியாகாவிட்டால் ஏதோ ஒன்று மட்டும் திரும்பியிருக்கிறது. அப்போதுதான் $3-இல் கை வைக்க வேண்டும். ஜி.ஆர்.பி.எல். போட்ட எந்திரங்களில் அதில் எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4. எவற்றைத் திருப்ப வேண்டுமோ அவற்றைக் கூட்டிப் போட வேண்டும். ஏற்கெனவே அங்கே ஒரு எண் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் மைனஸ் எண்கள். பல எந்திரங்களில் ஹோமிங் செய்தால் தலை வலப்பக்கப் பின்மூலையில், மேலே போய் நிற்கும். அதுவே எந்திரத்தின் பூஜ்யம். அதனால் வேலைப்பரப்பு முழுவதும் மைனஸில் காட்டும், பயப்பட ஒன்றுமில்லை. பலகையின் மூலையில் நாம் வைக்கும் பூஜ்யம் வேறு. ஊர் எல்லைக் கல்லிலிருந்து அளப்பதும் நம் மனையின் மூலைக்கல்லிலிருந்து அளப்பதும் போலத்தான். எந்தக் கல் என்று தெரிந்தால் போதும்.

“இவ்வளவு எதற்கு? எழுத்து திரும்பினால் மென்பொருளில் படத்தையே திருப்பிப் போட்டுவிடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், இன்றைக்கு ஒப்பேறும். நாளைக்கு வேறொருவர் தந்த கோப்பைத் திருப்ப மறந்தால் மரம் போச்சு. அதோடு, பாதையைத் திருப்பினாலும் பிட் சுழலும் திசை திரும்பாது. மரத்தை எந்தப் பக்கத்திலிருந்து கடிக்க வேண்டும் என்று வகுத்தோமோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கடிக்கும். ஓரம் பிசிறும்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. இந்த எந்திரத்தின் பக்கத்தில் ஐம்பது வருஷம் உளி பிடித்த ஆசாரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். “நமக்கு இதெல்லாம் தெரியாது மக்கா” என்கிறார். அவருக்குத் தெரியாததா இது? நாஞ்சில் நாட்டில் நாம் இடது, வலது என்றா பேசினோம்? “கட்டிலைக் கொஞ்சம் தெக்க தள்ளு”, “அந்த வாரியைக் கெழக்க பிடி” என்றுதான் சொல்லி வளர்ந்தோம். ஆள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் தெற்கு மாறாது. மேல் என்பதிலிருந்து மேற்கும், கீழ் என்பதிலிருந்து கிழக்கும் நிலத்தின் சாய்வை வைத்தே பிறந்த சொற்கள் என்பார்கள். நடுவில் சங்கு என்கிற முளையை நட்டு, அதைச் சுற்றி வட்டம் கீறி, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இரண்டு இடங்களைச் சேர்த்துக் கிழமேல் கோடு கண்டுபிடிப்பது தச்சு சாஸ்திரத்தின் பாலபாடம். திசை முதலில், அளவு பிறகு. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்து மச்சில் 90 விதமான பூக்களைச் செதுக்கியது அந்த மரபில் வந்த கைகள்தான்.

அந்த ஆசாரியிடம் எக்ஸ், ஒய் என்று ஆரம்பித்தால் விலகிப் போவார். பலகையின் நாலு ஓரத்திலும் திசையை எழுதி வைத்து, “இதைப் பலகையோட கெழக்குன்னு வச்சுக்கிடுங்கோ, இது வடக்கு. உளி வடக்க போனா ஒய் பிளஸ்” என்று சொல்லிப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகு மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, பிட்டை எந்தப் பக்கத்திலிருந்து விட வேண்டும் என்று அவர்தான் பையனுக்குச் சொல்லித்தருவார்.

எந்திரம் விற்கிறவர்கள் பெட்டியோடு தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து வைக்கலாம். அதில் வலதுகைப் படம் ஒன்றும், ‘ட’ சோதனையும் இருந்தால் போதும். அதுவரை, பேரப்பிள்ளை இந்த எந்திரத்தை வாங்கி வந்தால் நாமே பக்கத்தில் உட்கார்ந்து முதல் காகிதத்தில் ‘ட’ போடச் சொல்வோம். அயினிப் பலகையை அதற்குப் பிறகு வைக்கலாம்.