டிராக்டர் வாங்கக் கடனா, சேமிப்பா?

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் வேளையில் விவசாயி மனதில் எழும் ஆசைகளுள் முதலாவது சொந்த டிராக்டர். ‘முன்பணம் கட்டினால் போதும், வண்டியை ஓட்டிச் செல்லலாம்’ என்று விற்பனையாளர் வீடு தேடி வந்து சொல்லும்போது, பணம் சேரும்வரை காத்திருக்க மனம் வருவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது இந்த ஆசையை இன்னும் வளர்த்துள்ளது. விலை குறைந்தது நல்லதே. ஆயினும் வாங்குவதா, கடனில் வாங்குவதா என்பதை விலை மட்டும் தீர்மானிப்பதில்லை.

பத்து ஏக்கர் நஞ்சை வைத்துள்ள ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். இரண்டு போகத்திற்கும் புழுதி உழவு, சேற்றுழவு எல்லாம் சேர்த்துப் போகத்திற்கு ஏக்கருக்கு 6 மணி என்றால் ஆண்டுக்கு 120 மணி உழவு. மணிக்கு 1,000 ரூபாய் வாடகை என வைத்துக்கொண்டால் 1,20,000 ரூபாய் வெளியே போகிறது. ‘இந்தப் பணத்தைத் தவணையாகக் கட்டினால் வண்டியே நமக்குச் சொந்தமாகுமே’ என்று அவர் எண்ணுவது இயற்கை. இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. சொந்த வண்டிக்கும் டீசல் வேண்டும். ஓட்டுநருக்குக் கூலி, எண்ணெய் மாற்றுதல், டயர், காப்பீடு எல்லாம் உண்டு. இவற்றுக்கு மணிக்கு 650 ரூபாய் ஆகுமானால் உண்மையில் மிஞ்சுவது 350 ரூபாய்தான். 120 மணிக்கு 42,000 ரூபாய்.

இனி தவணையைப் பார்ப்போம். 6 லட்சம் ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு, அரையாண்டுக்கு ஒரு தவணை என்றால் ஒவ்வொரு தவணையும் ஏறத்தாழ 81,500 ரூபாய். ஆண்டுக்கு 1,63,000 ரூபாய். மணிக்கு 350 ரூபாய் வீதம் இதை ஈட்ட வண்டி ஆண்டுக்கு 466 மணி ஓடியாக வேண்டும். சொந்த நிலத்தின் 120 மணி போக, ஏறக்குறைய 346 மணி வேலையைப் பிறர் நிலத்தில் தேடியாக வேண்டும். ஒரு டிராக்டர் சிக்கனமாக உழைக்க ஆண்டுக்கு 1,000 மணி ஓட வேண்டும் என்பது பொறியியலார் கொள்ளும் பொதுவான அளவு. 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பத்து ஏக்கர்க்காரருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வாடகைக்கு ஓட்டினால் ஆயிற்று என்பர். டெல்டாவில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் உழவு வேண்டும். அந்தச் சில வாரங்கள் கழிந்தால் வண்டி கொட்டகையில் நிற்கும். தெருவுக்கு நான்கு வண்டி வந்துவிட்ட ஊரில் வாடகையும் இறங்கும், உழவுக்கூலி பாக்கியும் நிற்கும். டிரெய்லர் ஓட்டம், வைக்கோல் கட்டுதல் போன்ற வேலை ஆண்டு முழுவதும் கிடைக்கக்கூடிய இடத்தில், தாமே வண்டி ஓட்டத் தெரிந்தவர் கடன் வாங்குவதில் தவறில்லை. அவருக்குக் காத்திருப்பதுதான் நட்டம். பருவம் தவறாமல் உழுவதால் வரும் மகசூலையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் முதலில் அதே 81,500 ரூபாயை அரையாண்டுதோறும் வங்கியில் போட்டு வருவது நலம். 6 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டு முடிவில் ஏறத்தாழ 3,41,000 ரூபாய் சேரும்; மூன்றரை ஆண்டில் 6 லட்சத்தைத் தாண்டிவிடும். கடன் வாங்கியவர் பத்துத் தவணை கட்டும் இடத்தில் இவருக்கு ஏழே தவணை. இடையில் வண்டி விலை ஏறலாம், உழவுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும். எனவே முழுத் தொகைக்கும் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டு சேர்த்து, மீதியை மட்டும் கடனாகப் பெறலாம். இந்த இரண்டு ஆண்டு ஒரு சோதனையும் ஆகும். மழை பொய்த்த போகத்திலும், வீட்டில் கல்யாணம் காதுகுத்து வந்த ஆண்டிலும் அந்தத் தொகையை ஒதுக்க முடியாதவர், தவணையை மட்டும் எப்படிக் கட்டுவார்? சேமிப்பு தவறினால் யாரும் கேட்பதில்லை. தவணை தவறினால் வண்டி போகும், ஈடு வைத்த நிலத்திற்கும் ஆபத்து.

முன்பணத்திற்காக நகையை அடகு வைப்பது கடன்மேல் கடன். அதைத் தவிர்த்தல் வேண்டும். பயிர்க் கடனுக்குள்ள வட்டிச் சலுகை டிராக்டர் கடனுக்கு இல்லை என்பதையும் பலர் அறிவதில்லை. தனியார் நிதி நிறுவனம் ‘8 சதவீதம்தான்’ என்று சொன்னால், குறைந்து வரும் பாக்கிக்கா, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கா என்று கேட்க வேண்டும். 6 லட்சத்துக்கு முழுத் தொகைமீது 8 சதவீதம் என்றால் ஐந்து ஆண்டில் வட்டி மட்டும் 2,40,000 ரூபாய். மாதத் தவணையில் கட்டும்போது அது வங்கிக் கணக்கில் 14 சதவீதத்துக்குச் சமம். மேலும், விவசாயிக்கு மாதச் சம்பளம் இல்லை. அறுவடையை ஒட்டிய அரையாண்டுத் தவணையைக் கேட்டுப் பெறுவதே பொருத்தம்.

காத்திருக்கும் காலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலி வழியே பதிவு செய்து பயன்படுத்தலாம். பருவ நெருக்கடியில் உடனே கிடைக்காது என்பதால் முன்கூட்டியே பதிவு செய்தல் அவசியம்.

கடன் பெற்றே வாங்கியவர்கள் கடைசித் தவணையோடு நின்றுவிடுகிறார்கள். வங்கியிடம் கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35-ம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிலுள்ள கடன் குறிப்பை நீக்க வேண்டும். நிலத்தைப் பதிவு செய்து ஈடு வைத்திருந்தால் அதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து செய்து, வில்லங்கச் சான்றில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.